மஞ்சள் நூல் கட்டிய இரண்டு டப்பாக்கள்

இருபது வருஷம் என் பெயரைச் சொல்லாமலேயே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அங்கம்மாவுக்கு,

நம் வீட்டில் ஒரு முக்கியமான தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. டீ வடிகட்டும் துணியை இனிமேல் ஜன்னலோரத்து வலது ஆணியில் மாட்டுவதில்லை, கதவுக்குப் பின்னால் இருக்கும் இடது ஆணியில்தான் மாட்டுவது என்று போன திங்கட்கிழமை முடிவு செய்தேன். நான்கு நாள் தீர யோசித்தேன். சபைக்கு வந்திருந்தவன் நான் ஒருவன்தான். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

காரணத்தை உன்னிடம் சொல்லலாம். வலது ஆணியில் இருந்தால், அடுப்பங்கரையில் எங்கே உட்கார்ந்தாலும் அந்தத் துணி கண்ணில் படுகிறது. மற்றவர்களுக்கு அது கறை பிடித்த கந்தல். முப்பது வருஷமாக நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவனுக்கு அப்படி இல்லை. நடுவில் கெட்டியாக இருப்பது நீலகிரித் தேயிலை. ஓரத்தில் வெளுத்த பச்சை எலுமிச்சைப்புல். மூலையில் ஒரு மஞ்சள். அந்த மஞ்சளைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

யுத்தத்துக்கு முன்னால், தேயிலைக் கம்பெனி ஆள் ஒருவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு, தள்ளுவண்டியில் பெரிய கெண்டியோடு நம் தெருவுக்கு வந்தார், ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு ஒரு டம்ளர் இனாம். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், கெண்டியை முதலில் சூடாக்க வேண்டும், ஆளுக்கு ஒரு கரண்டி இலை, கெண்டிக்கு ஒரு கரண்டி என்று மந்திரம்போல ஓதினார். நீ வாசற்படியில் நின்றபடி கேட்டாய்.

“கெண்டிக்கு எதுக்குங்க ஒரு கரண்டி? அதுவுமா குடிக்குது?”

தெருவே சிரித்தது. அவருக்குக் கம்பெனி சொல்லிக்கொடுத்த பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. உனக்கு மட்டும் இரண்டாவது டம்ளர் ஊற்றிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் நம் இரண்டு பேருக்கும் தெளியவே இல்லை. சேலமே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நாம் மட்டும் இலை தேடி அலைந்தோம். கடைத்தெருவில் தூள் வாங்கினேன், முழு இலை வாங்கினேன். ஏற்காட்டுக்குப் போய்வரும் வண்டிக்காரர் எலுமிச்சைப்புல் கட்டிக்கொண்டு வந்தார். நீ துளசி பறித்தாய், நன்னாரி வேரைத் தட்டிப் போட்டாய், ஆவாரம்பூவைக் காயவைத்து இடித்துப் பொடியாக்கி டப்பாவில் அடைத்தாய். காலை வேலை முடிந்ததும் தினம் ஒரு டப்பா திறப்போம்.

நீ நாக்கில் பார்ப்பாய். நான் நூலில் பார்ப்பேன். ஒரு முழ வெள்ளை நூலை டம்ளரில் முக்கிக் காயவைத்து, ஏறிய நிறத்தோடு அந்தந்த டப்பாவின் கழுத்தில் கட்டிவிடுவேன். பட்டறையில் சாயப்பொடிக்கெல்லாம் அப்படித்தான் செய்வது. எழுத்துத் தெரியாதவனும் நூலைப் பார்த்துச் சரியான டப்பாவை எடுத்துவிடுவான். நீ சொல்லும் தீர்ப்பை மட்டும் ஒரு சீட்டில் எழுதித் தேதி போட்டு அலமாரிக் கதவில் ஒட்டிவைப்பேன்.

அந்தச் சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. நீலகிரி இலை: “கல்யாணத்துக்கு வர்ற தூரத்துச் சொந்தமுங்க. வாசம் வந்துருச்சு, ஆளைக் காணோம்.” கடைத்தெருத் தூள்: “பள்ளிக்கூடத்து வாத்தியாரு. வாயத் தொறந்தாலே கசப்பு.” எலுமிச்சைப்புல்: “ஏனுங்க, இதுல துணி தொவைக்கலாம். குடிக்கவும் வேணுமா?” செம்பருத்தி கொதித்தபோது எனக்கு ஒரே ஆனந்தம். அப்படி ஒரு சிவப்பைச் சீமைச் சாயத்தில்கூடப் பார்த்ததில்லை. நீ ஒரு வாய் குடித்துவிட்டு, “பார்க்க ராணி, குடிச்சாப் பச்சத்தண்ணி” என்றாய். மறுநாள் வெயிலில் நூலும் வெளுத்துப் போயிற்று. நீ சொன்னது சரி என்று அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நாக்கு ஆளுக்கு ஆள் மாறும், நூல் பொய் சொல்லாது என்று உனக்கு எத்தனை முறை பிரசங்கம் செய்திருப்பேன். “அப்படின்னா நூலையே குடிக்கச் சொல்லுங்க” என்பாய்.

போன வருஷம் வைகாசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது, வந்தது, பிறகு விடவே இல்லை. சோறு இறங்கவில்லை. ஓமலூர் வைத்தியர் வந்து நாடி பார்த்தார். கூடத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்:

“நாக்குல ருசி இருக்கிற வரைக்கும் பயப்படாதீங்க. உள்ளே நெருப்பு அணையலைன்னு அர்த்தம். ருசி போயிருச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே சொல்லி அனுப்புங்க. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாம். தள்ளிப்போடக் கூடாது.”

அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். உனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்றிலிருந்து ருசி பார்ப்பது விளையாட்டாக இல்லை. நீ எழுந்திருக்க முடியாததால் அடுப்பை நான் பிடித்தேன். ஆண்பிள்ளை அடுப்பூதுகிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், பேசட்டும். ஒவ்வொரு காலையும் ஒரு டம்ளர் கொண்டுவந்து, உன்னைச் சாய்த்து உட்காரவைத்து, குடிக்கவைத்துக் கேட்பேன்: “எப்படி இருக்கு?” நீ பதில் சொல்லும்வரை டம்ளரைக் கீழே வைக்க மாட்டேன்.

“நல்லா இருக்குதுங்க.”

நான் உடனே சீட்டில் எழுதுவேன். துளசி, நல்லா இருக்கு. சுக்கு, நல்லா இருக்கு. நீலகிரி இலை, நல்லா இருக்கு. என் கைப்பக்குவம் தேறிவிட்டது என்று நினைத்தேன். வைத்தியரிடம் பெருமையாகவே சொன்னேன். “அப்ப பட்டணத்துக்கு அவசரமில்லை” என்றார்.

அங்கம்மா, நான் படித்தவன் என்று பெயரெடுத்தவன். பத்திரிகை வாசித்து, நாலு பேருக்கு உலக நடப்புச் சொல்கிறவன். எந்த நாட்டுப் படை எங்கே நிற்கிறது என்று விரல்விட்டுச் சொல்வேன். கெண்டியைக்கூட விட்டுவைக்காத பெண்பிள்ளை, மூன்று மாதமாக ஒரு கேலிகூடச் செய்யாமல் எல்லாவற்றையும் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் எனக்கு விசேஷமாகப் படவில்லை.

யுத்தத்தால் சீமைச் சாயம் வருவது நின்றிருந்தது, உனக்கே தெரியும். பழையபடி கடுக்காயை இடித்து நூலுக்கு மஞ்சள் ஏற்றிக்கொண்டிருந்தோம். தகர டப்பா எங்கும் கிடைக்கவில்லை. அதனால் காலியான தேயிலை டப்பா ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அதில் கடுக்காய்ப் பொடியை அடைத்தேன். வழக்கப்படி, அது கொடுக்கும் மஞ்சளில் ஒரு நூல் தோய்த்துக் கழுத்தில் கட்டினேன். ஐப்பசி மழையில் பட்டறை ஒழுகியது. பொடி நனையாமல் இருக்கட்டும் என்று டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் காலை மழை இருட்டு. உனக்கு ஆவாரம்பூத் தண்ணீர் வைக்க நினைத்து, மஞ்சள் நூல் கட்டிய டப்பாவை எடுத்தேன். பொடியும் மஞ்சள்தான். மூன்று கரண்டி தாராளமாகப் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி உன்னிடம் கொடுத்தேன். நிறம் தங்கம்போல இருந்தது. முழு டம்ளரையும் குடித்தாய்.

“எப்படி இருக்கு?”

“இன்னிக்கித்தானுங்க ரொம்ப நல்லா வந்திருக்குது.”

நீ அவ்வளவு சொன்னால் நானும் குடிக்காமல் எப்படி இருப்பது? அடுப்பங்கரைக்குப் போய், மீதியை ஊற்றி ஒரு வாய் குடித்தேன். நாக்கு சுருண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்பிவிட்டு அலமாரியைப் பார்த்தேன். மஞ்சள் நூல் கட்டிய டப்பா இன்னொன்று அங்கேயே இருந்தது. அதில்தான் நீ இடித்த ஆவாரம்பூ.

அங்கேயே நின்று சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். உன்னுடைய கடைசிக் கேலி கற்பூரவல்லிக்கு: “இதை ஆட்டுக்குப் போட்டா அதுகூட ரெண்டு தடவை யோசிக்குமுங்க.” ஆடி முதல் வாரம். அதற்கப்புறம் எல்லாச் சீட்டிலும் என் கையெழுத்தில் ஒரே வாக்கியம்.

வைத்தியருக்கு உடனே ஆள் அனுப்பினேன். கடுக்காய் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று ஆறுதல் சொன்னார். நாடியைப் பிடித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இனி ரயில் பயணம் தாங்காது என்றார். “ஆடியிலேயே தெரிஞ்சிருந்தா...” என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் பையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு நீ இருந்தது ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடுக்காய் என்றும் சொல்லவில்லை. நீ “நல்லா இருக்குதுங்க” என்றாய். நான் “சந்தோஷம்” என்றேன்.

இப்போது கேட்கிறேன். ஏன் அப்படிச் சொன்னாய்? அடுப்போடு நான் பட்ட பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டா? பட்டணத்துக்குப் போனால் திரும்பி வரமாட்டோம் என்று பயந்தா? நம் மகள் ராஜாமணி தலைப்பிரசவத்துக்கு இளம்பிள்ளை ஊரிலிருந்து வரும்போது தாய்வீட்டில் தாய் இல்லாமல் இருக்கக் கூடாது என்றா? எது உண்மையாக இருந்தாலும் எனக்கு ஆறுதல் இல்லை. ஆனாலும் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

மகளுக்குத் தையில் பெண் குழந்தை பிறந்தது. உன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர்கள் தொட்டு வைக்கும் சேனைத் தண்ணீரை நீதான் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை கிடைக்காததால் கருப்பட்டி கரைத்து நான் வைத்தேன். முகத்தை எட்டுக் கோணலாக்கி வெளியே தள்ளிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் பட்டறைக்குப் போய்விட்டேன்.

போன வாரம் ராஜாமணி டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

“எப்படிங்கப்பா இருக்குது?”

“நல்லா இருக்கு சாமி.”

“நீங்க இன்னும் டம்ளரைத் தொடவே இல்லீங்களே.”

தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. குடித்தேன். சூடு இல்லை என்பது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

அலமாரியைக் காலி செய்து தரச் சொல்லி மகள் கேட்கிறாள், பருப்புப் போட டப்பா இல்லையாம். மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டேன். மஞ்சள் நூல் கட்டிய இரண்டை மட்டும் கொடுக்கவில்லை. எது எது என்று இன்றைக்கும் நூலைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. திறந்து நாக்கில் வைத்துப் பார்க்கலாம்தான்.

இதை அச்சில் போடப்போகிறேன். தெரு படித்துச் சிரிக்கும். உனக்கும் சிரிப்பு பிடிக்கும். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் காலம் முடியும்வரை, படுத்திருக்கும் யாரையும் பார்த்து “எப்படி இருக்கு?” என்று கேட்க மாட்டேன். முதலில் நான் குடித்துப் பார்ப்பேன்.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னால் வெயில் வருவதில்லை. வடிகட்டும் துணி காயாமல் பூஞ்சை பிடித்துவிட்டது. ராஜாமணி அதை எடுத்து எறிந்துவிட்டாள்.

இப்படிக்கு,
ராஜாமணி அப்பா