குடத்தில் இரண்டு புள்ளி

திருமயம் தாலுகா
9.2.2026

அன்பு மகள் கௌசல்யாவுக்குச் செவந்தி எழுதுவது.

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். இருக்கிறேன், அவ்வளவுதான். நீ சென்னையில் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகிறது. போனில் என்றால் உன் குரலைக் கேட்டதுமே என் பிள்ளை அழகு ஞாபகம் வந்து வாய் அடைத்துக்கொள்கிறது. நீங்கள் இரண்டு பேரும் திருச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள் இல்லையா, சிரிப்புகூட ஒரே மாதிரி. அதனால்தான் காகிதத்தில் எழுதச் சொன்னேன்.

அவன் செய்த ‘தண்ணி வந்துருச்சு’ ஆப் எனக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று போனுக்குச் சொல்லும். குழாயடியில் காத்துக் கிடந்து நான் நூறுநாள் வேலைக்குப் பிந்திப் போகிறேன் என்றுதான் செய்தான். இப்போது பல ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து சம்பளம் வாங்காமல் அதைக் கவனிக்கிறீர்கள். அதன் அடையாளப் படத்தை மாற்றலாமா கூடாதா என்று உங்களுக்குள் சண்டை. நான் ஒரு சொல் சொல்ல வேண்டும். இதுதானே?

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், யாருக்கும் சொந்தமில்லை என்கிறாய். சொந்தமில்லாத பொருளுக்கு என்னை ஏன் கேட்கிறீர்கள்? பக்கத்து வீட்டு அமுதவல்லி, “லோகோங்கிறது கடை போர்டு மாதிரிக்கா. அதை மாத்துனா கடை கைமாறிருச்சுன்னு அர்த்தம்” என்கிறாள். கைமாறிவிட்டதா? ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சலில் போனவன். அதற்குள்ளேயா?

எனக்குப் புரிகிற மாதிரி எழுது. படத்தையும் வைத்து அனுப்பு.

இப்படிக்கு
செவந்தி

* * *

சென்னை
16.2.2026

அன்புள்ள அம்மா,

எதுவும் கைமாறவில்லை. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம். உங்களைக் கேட்கச் சொன்னது நிலவழகன்தான். தொடங்கிய அன்றே குறிப்பில் எழுதி வைத்திருக்கிறான்: ‘இந்த அடையாளம் எங்கம்மா தண்ணீர்க் குடத்தில் போட்டது. மாற்றுவதாக இருந்தால் அம்மாவைக் கேளுங்கள்.’

கவிழ்ந்த மாதிரி வளைந்த கோடு, அதற்கு மேலே இரண்டு புள்ளி. போனில் சின்னதாகப் பார்க்கும்போது அது அழுகிற முகம் மாதிரி தெரிகிறதாம். “தண்ணி வந்த சந்தோஷத்தைச் சொல்றதுக்கு அழுமூஞ்சியா?” என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். பாதிப்பேர் மாற்று என்கிறார்கள். பாதிப்பேர் அவன் வைத்ததைத் தொடாதே என்கிறார்கள். எனக்கே இரண்டு மனசாக இருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் ஒருவனான நாகராஜன் வரைந்த புதுப் படத்தையும் வைத்திருக்கிறேன். பெரிய மாற்றம் இல்லை அம்மா. கோடு அதேதான், கொஞ்சம் சீராக வளைத்திருக்கிறான். ஒரு புள்ளியை மட்டும் எடுத்திருக்கிறோம்.

அன்புடன்
கௌசல்யா

* * *

திருமயம் தாலுகா
22.2.2026

கௌசல்யா,

உனக்கு யார் சொன்னது? சரண்யாவா? அவளுக்கு உன் நம்பர் எப்படிக் கிடைத்தது?

எங்கள் தெருவில் தண்ணீர் குறைந்துவிட்டால் தலைக்கு ஒரு குடம்தான். சண்டை வரக்கூடாது என்று அவரவர் குடத்தில் வீட்டு அடையாளம் போட்டு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை புள்ளி வைப்போம். புள்ளியைப் பார்த்துத்தான் வரிசையில் விடுவார்கள். எங்கள் வீட்டு அடையாளம் அரிவாள், அந்த வளைந்த கோடு. அவன் அப்பா இருந்தவரை மூன்று புள்ளி. அவர் போன பிறகு இரண்டு புதுக் குடம் வாங்கி, கதவுக்கு அடித்த வெள்ளைப் பெயிண்டில் நான்தான் ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளி வைத்தேன். இடது பக்கம் நான். வலது பக்கம் அவன்.

போன வாரம் குழாயடியில் சரண்யா கேட்டுவிட்டாள். “ஏன் அத்தை, இன்னும் ரெண்டு புள்ளியா? ஒத்த ஆளுக்கு ரெண்டு கொடமா?” எல்லாரும் அவளை அதட்டினார்கள். அவள் கேட்டது தப்பில்லை, அவள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நான்தான் இரண்டு குடத்தையும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் உன் கடிதம் வருகிறது. பிரித்தால் ஒரு புள்ளி. வலது பக்கம் காலி.

இங்கிட்டு அவள் கேட்கிறாள் என்றால் அங்கிட்டு நீங்களுமா தலையெண்ணுகிறீர்கள்? அவன் செய்ததிலிருந்தே அவனைக் கழித்துவிட்டீர்களே.

செவந்தி

* * *

சென்னை
1.3.2026

அம்மா,

மன்னித்துவிடுங்கள். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. புள்ளிக்கு அர்த்தம் இருக்கிறது என்றே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை. உங்கள் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். நாகராஜன் தன் படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறான்.

நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உங்கள் மனதை மாற்றுவதற்காக இல்லை, தெரிந்திருக்கட்டும் என்று ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வேலையில் எதையும் அழித்துவிட்டு எழுதுவதில்லை. மேலே புதியது வந்தாலும், பழையது போட்டவர் பெயரோடும் தேதியோடும் அடியில் அப்படியே இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

கௌசல்யா

* * *

திருமயம் தாலுகா
12.3.2026

அன்பு மகள் கௌசல்யாவுக்கு,

அன்றைக்குக் கோபத்தில் உன்னைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு குடத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயிண்டர் மலையாண்டியிடம் கொஞ்சம் தின்னர் வாங்கி வந்து, வலது புள்ளியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். ஓரம் கரைந்தது. கை நின்றுவிட்டது. நீ எழுதியது ஞாபகம் வந்தது. உங்களிடத்தில் மாற்றினாலும் அடியில் பழையது இருக்கும் என்கிறாய். இதைத் துடைத்தால் அடியில் என்ன இருக்கும்? நீலப் பிளாஸ்டிக்தான் இருக்கும்.

அதனால் நீங்கள் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே நான் துடைக்கவில்லை.

நேற்றுக் காலையில் அவன் போன் ‘தண்ணி வந்துருச்சு’ என்று மணி அடித்தது. ஒரே ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு அடுத்து நின்ற சரண்யாவிடம், “ஒன் கொடத்தையும் வைடி” என்றேன். அவள் என் குடத்துப் புள்ளியைப் பார்த்தாள். “அது இருக்கட்டும். தண்ணி ஒத்த கொடம் போதும்” என்றேன்.

நான் சொல்வது சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை. அவன் இருந்தால் அவனைக் கேட்டிருப்பேன். அவன் என்னைக் கேட்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறான். நான் யாரைக் கேட்பது?

நாகராஜன் தம்பியிடம் சொல், அரிவாளை நன்றாக வளைத்திருக்கிறான். நான் போட்டது கோணல்.

அவன் எழுதின குறிப்புக்குக் கீழே, ‘அம்மாவைக் கேட்டோம், சரி என்றார்’ என்று எழுதித் தேதி போடு. அவன் பார்க்கப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் எழுது.

அழகு அம்மா
செவந்தி