பேங்க் மானேஜர் வீட்டுப் பாஸ்தா

வலியசாலை,
திருவனந்தபுரம்.

சௌபாக்கியவதி மாளவிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்கு என்றுதான் எழுதினேன், மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் பேசினால் அழுது கட் பண்ணிவிடுவாய், அதனால் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், முழுக்கப் படி.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் பிந்து கோட்டயத்திலிருந்து முதல்முறையாக நம் வீட்டுக்கு வந்தாள். சாம்பார், அவியல் எதுவும் வேண்டாம், ரொட்டியும் பக்கத்தில் கொஞ்சம் பாஸ்தாவும் போதும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். அப்பாதான் வீடியோ பார்த்து, பாஸ்தாவை உப்புப் போட்டு வேகவைத்து வடித்து, வெண்ணெயில் பூண்டும் குடமிளகாயும் வதக்கி, மிளகுத்தூளும் சீஸும் சேர்த்துப் பிரட்டினார். நம் அடுக்களையில் பூண்டு நுழைந்ததே உனக்காகத்தான். சம்பந்தி வருகிறாள் என்று அவருக்கு அத்தனை சந்தோஷம். பிந்து இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நல்ல டேஸ்ட் உண்டு கேட்டோ, பேங்க் மானேஜருடெ வீடல்லே, இதெல்லாம் பழக்கமாயிருக்கும்" என்று தன் மலையாளத்தில் சொன்னாள். எந்த பேங்க், யார் மானேஜர்? கல்யாண வீடுகளில் அடுப்படியில் வெந்து உன்னை எம்.டெக். படிக்கவைத்த மனுஷன் எப்போது மானேஜர் ஆனார்? நான் வாயைத் திறப்பதற்குள் அவர், ஆமாம், கரமனை பிராஞ்சில் ரிட்டயர் ஆனேன், பாஸ்தா இவள் பண்ணினது என்று சொல்லிவிட்டார். உன் பொய்யைக் காப்பாற்றத் தன் கையால் செய்ததைக்கூடத் தன்னுடையதில்லை என்றாரடி!

மறுநாள் கிழக்கேகோட்டையில் ஒரு கல்யாணச் சமையல். அப்பா போகவில்லை. கேட்டால், "அவாளுக்குத் தெரிஞ்சவா யாராவது வந்துட்டா? குழந்தைக்குன்னா அவமானம்" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குளிக்கப் போன நேரத்தில் நானே பிந்துவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உடனே, தன் பிள்ளை அபினுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது போலிருக்கிறது என்றேன். அவனிடம் நான் சொல்ல மாட்டேன், மாளுவே சொல்லட்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

இன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொல். சொன்ன பிறகு எனக்கல்ல, அப்பாவுக்குப் போன் பண்ணு. உன்னை ஒரு வார்த்தை திட்ட மாட்டார், அதுதான் எனக்கு ஆத்திரம். வியாழக்கிழமை இன்னொரு கல்யாணம் இருக்கிறது, அவரைப் போகச் சொல்ல வேண்டியவள் நீதான்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. பகவதி உனக்கு நல்ல புத்தியும் தீர்க்காயுசும் தரட்டும்.

இப்படிக்கு,
கல்யாணச் சமையல் சேஷனின் மனைவி,
உன் அம்மா சீதாலக்ஷ்மி