வளைவுக் கல்லின் கீழே உள்ள கேபிள் இணைப்பைத் தோண்டிப் பார்க்க வேண்டி

அனுப்புநர்:
கதவு எண் 19, நான்காம் குறுக்குத் தெருவில் குடியிருப்பவர்
(தங்கள் இலாகாவில் முப்பத்தோரு ஆண்டுகள் கேபிள் குழி வெட்டி ஓய்வு பெற்றவர்)

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
வெளிப்புற லைன்கள் பிரிவு,
தொலைபேசி நிலையம்.

பொருள்: வீட்டுக் கம்ப்யூட்டரில் டயல் செய்யும் இன்டர்நெட் லைன் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்காதது – பழுது உள்ள இடம் எனக்குத் தெரிந்திருப்பது – அந்தப் பழுது கண்டுபிடிக்கப்படாமல் போனதற்கு நானே காரணம் என்பது – இம்மாதம் 25ஆம் தேதிக்குள் தோண்டிப் பார்க்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மூன்று புகார்கள். மூன்றும் "பழுது இல்லை" என்று எழுதி முடிக்கப்பட்டன.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று புகார்களைத் தங்கள் அலுவலக வாசலில் மேசை போட்டிருக்கும் மனு எழுதுபவர் எழுதினார். நான் பழைய பழக்கத்தில் கைநாட்டு வைத்தேன். இந்த நான்காவது மனுவை நானே எழுதுகிறேன். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இதை எழுத மூன்று நாட்கள் ஆயின. "உதவிப் பொறியாளர்" என்று எழுதுவதற்கே ஒரு காலைப்பொழுது போயிற்று. எழுதி முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

1. எனக்கு ஒரு தம்பி. வேறு ஊரில் தனியாக இருந்தான். வீட்டில் அவனை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்ததில் அவனுக்குப் பேச்சு போய்விட்டது. அதன் பிறகு தொலைபேசியில் நான் மட்டும் பேசுவேன். அவன் ரிசீவரை விரலால் தட்டுவான். ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. அத்தனை பேச்சு பேசியவன் தட்டிக்கொண்டிருப்பதைக் கேட்கப் பொறுக்காமல்தான் நான் நூலகத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு எழுத்து வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவன் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைப் பெட்டியில் கட்டி அனுப்பினான்.

2. லைன் அடிக்கடி அறுந்ததில் தொடக்கத்தில் என் தவறும் உண்டு. இலாகாவின் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை என்பதால் எழுதுகிறேன். லைனைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வரி முடிப்பதற்குள் அறுந்துவிடும். கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, சமைச்சு முடிச்சிட்டுத்தானே தட்டு வைப்பாங்க? நீங்க தட்டை வச்சிட்டு அடுப்பு பத்த வைக்கிறீங்களே!" என்றார். அதன் பிறகு எழுதி முடித்துவிட்டுத்தான் லைன் போட்டேன்.

3. அப்படியும் அறுந்தது. கடைக்காரர் மோடத்தை மாற்றினார். சுவரிலிருந்து வரும் வயரை மாற்றினார். வேகத்தைக் குறைத்து வைத்தார். கடைசியில் பார்த்தால், சமையலறையில் இருக்கும் இன்னொரு தொலைபேசியை என் மனைவி எடுத்து எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. எடுத்தால் லைன் அறுந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. மோடம் போடும் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஏங்க, இது நம்ம வாயாடிதானே? முன்ன மாதிரியே கத்துறாருங்க!" என்றாள். அந்தத் தொலைபேசியைக் கழற்றி எடுத்துவிட்டோம். இதைத் தங்கள் லைன்மேனும் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதற்கு மேலும் லைன் அறுகிறது. ஆகவே வீட்டுக்குள் இனி பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

4. சென்ற மாதம் நான் தம்பிக்கு, "இப்போது அச்செழுத்து மட்டுமல்ல, கையெழுத்தும் படிக்கிறேன். மருந்துச் சீட்டு தவிர எல்லாம் படிப்பேன்" என்று பெருமையாக எழுதினேன். மறுபடி நோய் வந்து படுத்திருந்த அவன், அதை நம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி கையால் ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். அங்கிருந்த நர்ஸ் அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அக்டோபர் 26 அன்று கம்ப்யூட்டரில் அனுப்பினார். 29ஆம் தேதி தம்பி இறந்துவிட்டான். நான் போய்விட்டு வந்தேன். கடிதத் தாளைக் கேட்டேன். அறையைத் துப்புரவு செய்தபோது போய்விட்டது என்றார்கள். அனுப்பிய படமும் அவர்களிடம் இல்லை.

அந்தக் கடிதம் தங்கள் இலாகாவின் கம்ப்யூட்டர் தபால் பெட்டியில் இருக்கிறது. அதன் தலைப்பு மட்டும் என் திரையில் தெரிகிறது. "அண்ணனுக்கு, கையால் எழுதியது" என்று இருக்கிறது. படங்கள் பெரியவை என்பதால் அதை முழுவதும் இறக்கப் பதினான்கு நிமிடம் ஆகும் என்று கடைக்காரர் கணக்குச் சொன்னார். லைன் நான்கு நிமிடம்தான் நிற்கிறது. அறுந்தால் மறுபடி முதலிலிருந்து இறங்க வேண்டும். எங்கள் எண்ணிலிருந்து டயல் செய்தால்தான் அந்தப் பெட்டி திறக்கும் என்று தங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முப்பது நாட்கள் எடுக்கப்படாத கடிதம் தானாக அழிந்துவிடும் என்றும் சொன்னார்கள். அந்த முப்பதாவது நாள் நவம்பர் 25.

5. தங்கள் ஊழியர்கள் வராமல் இல்லை. இணைப்புக் கல் நிற்கும் ரொட்டிக் கடை முன்னால் இரண்டு முறை தோண்டினார்கள். கேபிள் புதியது போல் இருந்தது. அங்கே இணைப்பே இல்லை. சலவைக் கடை முன்னால் தோண்டிப் பாருங்கள் என்று நான் சொன்னேன். "பெரியவரே, கல்லுலயும் இங்கதான் போட்டிருக்கு, மேப்புலயும் இங்கதான் போட்டிருக்கு. ரெண்டும் பொய் சொல்லுது, நீங்க ஒருத்தர்தான் உண்மையா?" என்று லைன்மேன் கேட்டார். குழியை மூடிவிட்டு, என் ரிசீவரைக் காதில் வைத்தார். "பேச்சு கேக்குதா? கேக்குது. அப்போ லைன் நல்லா இருக்கு" என்றார். பேச்சு கேட்டால் போதும், கம்ப்யூட்டருக்கு இலாகா பொறுப்பில்லை என்பது விதி என்று அலுவலகத்திலும் சொன்னார்கள். விதியை நான் மறுக்கவில்லை. என் தம்பிக்குப் பேச்சு இல்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. லைன்மேன் கேட்ட கேள்விக்கு இப்போது விடை எழுதுகிறேன். கல்லும் மேப்பும் பொய் சொல்கின்றன. சொல்ல வைத்தவன் நான்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தெருவில் கேபிள் போட்டபோது குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன். கேபிளை இணைப்பவர் சலவைக் கடை முன்னால் இருந்த குழிக்குள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இரண்டு நாட்கள் வேலை செய்தார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தது நான். வேலை முடிந்ததும் இரண்டு அடையாளக் கற்கள் வந்தன. ஒன்றில் "இணைப்பு" என்றும் மற்றதில் "வளைவு" என்றும் வெட்டியிருந்தது. கேபிள் சேரும் இடத்துக்கு முதல் கல், கேபிள் திரும்பும் இடத்துக்கு இரண்டாவது. மேஸ்திரி, "பாத்து நடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நேராக நிற்கிறதா என்று பார்த்து நட்டேன். எண்ணாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எழுத்து தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். பிறகு அளவு எடுக்க வந்தவர் கற்களைப் பார்த்து மேப்பு வரைந்தார். இப்போது மேப்பைப் பார்த்துத் தோண்டுகிறார்கள்.

எழுத்து வந்த பிறகு வழியில் கண்டதையெல்லாம் படித்துக்கொண்டு நடப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கடைப் பலகை, பஸ் டிக்கெட், சுவரில் "இங்கே ஒட்டாதே" என்பது வரை ஒன்றையும் விடுவதில்லை. செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் சலவைக் கடை முன்னால் மண்ணில் பாதி புதைந்திருந்த கல்லைத் துடைத்து, "வ-ளை-வு" என்று சத்தமாகப் படித்தேன். ஒரு சொல்லைத் தடங்கல் இல்லாமல் படித்துவிட்ட மகிழ்ச்சியில் பத்தடி நடந்தும் விட்டேன். அதன் பிறகுதான் நான் என்ன படித்தேன் என்பது எனக்குப் புரிந்தது.

7. சலவைக் கடையின் தொட்டித் தண்ணீர் அந்தக் கல்லின் மேல்தான் ஓடுகிறது. லைன் அறுந்த நேரத்தையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் நகல் இத்துடன் உள்ளது, அதுவும் என் கையெழுத்தே. தொட்டியைத் திறக்கும் நாட்களில் மூன்று அல்லது நான்கு நிமிடம். கடைக்கு விடுமுறை விட்ட நாளில் ஒன்பது நிமிடம் நின்றது. அன்று கடிதம் இறங்குவதைக் காட்டும் கோடு திரையில் பாதியைத் தாண்டிப் போனது. என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அறுந்துவிட்டது.

8. இதைத் தங்கள் அலுவலகத்தில் வாயால் சொன்னபோது, கல்லுக்கு மாறாகத் தோண்ட வேண்டுமானால் மேப்பைத் திருத்த வேண்டும், மேப்பைத் திருத்தியபின் சாலை வெட்ட அனுமதி வாங்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஆறு வாரம் ஆகும் என்றார்கள். இன்னும் இருப்பது எட்டு நாள். நானே தோண்டினால் குற்றம். இந்த மனு தங்கள் மேசைக்கு வரவே நான்கு நாட்கள் ஆகலாம். முப்பத்தோரு ஆண்டுகள் இந்த இலாகாவில் இருந்தவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தம்பி என்ன எழுதினான் என்று தெரியாமலே போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் கேட்காமல் இருக்க மனம் வரவில்லை.

ஆகவே, முடிந்தால் 25ஆம் தேதிக்குள் வளைவுக் கல்லின் கீழே தோண்டி, இணைப்பைக் காய வைத்து மூடித் தர உத்தரவிட வேண்டுகிறேன். குழி எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும். உடன் நின்று காட்டுகிறேன். இருபத்தாறு ஆண்டுகளாகத் தவறான இடத்தில் தோண்ட வைத்ததற்காக என் மேல் எடுக்கப்படும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

அதற்குள் முடியாவிட்டால், 25ஆம் தேதிக்குப் பிறகு எனக்கு லைன் வேண்டாம். அந்த இரண்டு கற்களையும் பிடுங்கி மாற்றி நட மட்டும் எனக்கு அனுமதி தர வேண்டுகிறேன். கடப்பாரை என்னிடம் உள்ளது. இந்த முறை படித்துப் பார்த்துவிட்டு நடுவேன்.

இடம்: நான்காம் குறுக்குத் தெரு
நாள்: 17.11.2003

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
(கையொப்பம்)

குறிப்பு: தங்கள் கோப்பில் என் கையொப்பம் இருக்காது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் கைநாட்டும் வைத்துள்ளேன்.

இணைப்பு: லைன் அறுந்த நேரங்களின் நகல், பதினொரு பக்கம்.