மேட்டுக்கரை வீடு

மக்கா,

பாறசாலையில் அம்மைக்குச் சுகம்தான்.

காயலைச் சுற்றி மூன்று வீடு பார்த்து வைத்துவிட்டு, எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கேட்டது நல்லது.

வடக்குக்கரை வேண்டாம். உன் மாப்பிள்ளையின் அக்காள் அங்கேதான் இருக்கிறாள். உன் கல்யாணப் பந்தலில் என்னைக் காட்டி, தமிழச்சி என்று இளக்காரமாக, "பாண்டிக்காரி வந்நு" என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தவள். நான் மறக்கவில்லை. யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று ஊருக்குச் சொல்கிற வாயும் அவளுக்கு உண்டு.

கிழக்குக்கரையில் முற்றம் வரைக்கும் பச்சை வயல் என்று மருமகன் சொக்கிப் போயிருக்கிறார். பேரனுக்கு அரைஞாண் கட்ட வந்தபோது நானும் பார்த்தேன். "வயலுப் பக்கத்துத் தென்னையில தோணி எதுக்கு கெட்டியிருக்கு மருமவனே?" என்று கேட்டேன். "அது பழைய தோணியாக்கும் மாமி" என்றார். காயலை இறைத்து வற்றவைத்து நெல் விதைக்கிற இடம் அது. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் தண்ணீர் அடுக்களைக்குள் வரும்.

மேட்டுக்கரை வீட்டை எடு. ஓலை பழசுதான், புதிதாக மேய்ந்துகொள்ளலாம். பின்வாசல் உண்டு. ரோட்டிலிருந்து தெரியாத அறையும் உண்டு. அதுதான் வேண்டும்.

தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் ஊர் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போன நாளிலிருந்து அவன் வீட்டில் படுக்கவில்லை. போலீஸ் வந்து நெல்லுப்பானைக்குள்கூடப் பார்த்துவிட்டுப் போனது. நான் அழவில்லை.

இதைக் கொண்டுவரும் தேங்காய் வியாபாரி வாசலில் தலை குனிந்து நிற்பான். தாடிக்கு மேலே உன் அப்பாவின் மூக்கு இருக்கும். சத்தம் போடாமல் உள்ளே கூப்பிட்டு, முதலில் சோறு போடு.

உன் அம்மை