கல்லில் விட்டுப்போன மூன்று புள்ளிகள்

தொன்னேர்,
24 அக்டோபர் 1874

அன்பு மகள் ஒதீலுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் மூளை மட்டும்தான் சுகமில்லை. உன் நாலு வரிக் கடிதம் வந்தது. கடல் தாண்டி நீ இருக்கும் ஓரானில் வெயில் தணிந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கிறாள்.

உனக்குக் கணக்குச் சொல்லித் தந்த தெலோர்ப் ஐயா கோடையில் காலமானார் அல்லவா, அவர் கல்லறைக் கல்லை நான்தான் செதுக்கினேன். முடிவில்லாமல் நீளும் கூட்டல்களில் எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்று முப்பது வருஷம் எழுதினவராம், பாரிஸில் பெரிய தலைகளெல்லாம் வாயடைத்துப் போனார்களாம். எனக்குத் தெரிந்ததோ தொப்பியை மறந்து, சட்டையெல்லாம் சுண்ணப்பொடியோடு பட்டறையைக் கடந்துபோகும் மனுஷர்தான். அவர் தங்கை எர்னெஸ்தீன் அம்மாள் கல்லில் வெட்டச் சொல்லித் தாளில் எழுதித் தந்த கணக்கு இது: அரை, கால், அரைக்கால், அதிலும் பாதியான வீசம், பிறகு மூன்று புள்ளி, எல்லாம் கூட்டினால் ஒன்று. அந்த அம்மாள் பேனா கண்ட இடமெல்லாம் மை தெறிக்கும். புள்ளிகளையும் மைத்துளி என்று விட்டுவிட்டேன், சுத்தமான வேலைக்காரன் என்ற கர்வம் வேறு. வந்து பார்த்தவள், கூட்டிப் பாருங்க மேஸ்திரி, ஒரு வீசம் குறையுது, ஆயுசெல்லாம் உண்மைக் கணக்குப் போட்டவரு தலைமாட்டுல பொய்க்கணக்கா என்று அழுதுவிட்டாள். புள்ளி என்றால் போய்க்கொண்டே இருக்கிறது என்று பொருளாம். கல்லு முடிஞ்சு போகுதேம்மா என்றேன். ரொட்டியைப் பாதி, மிச்சத்தில் பாதி என்று வெட்டி வெட்டிக் காட்டினாள். உன் அம்மா துணுக்குகளைக் கோழிக்குப் போட்டுவிட்டு, இந்தா உங்க ஒண்ணு முடிஞ்சுது என்றாள்.

அடுத்த ஞாயிறு சகல புனிதர் திருநாள், ஊரே சாமந்தியோடு கல்லறைக்கு வரும். வேறு கல் அதற்குள் கிடைக்காது, இதில் புள்ளி வைக்க இடமில்லை. வீசத்தைச் செதுக்கி எடுத்துட்டு அங்க புள்ளி வச்சா என்று அந்த அம்மாளிடம் பயந்துகொண்டே கேட்டேன். யோசித்து, எடுத்தது புள்ளிக்குள்ளயே இருக்கும் மேஸ்திரி, தாராளமா வைங்க என்றாள். எடுத்த பிறகும் குறையாத கணக்கு என்ன கணக்கோ, இன்னும் புரியவில்லை. இன்று காலை செதுக்கி முடித்தேன், வீசம் இருந்த இடத்தைத் தடவினால் கொஞ்சம் குழி தெரியும். அவள் மூன்று புள்ளியிலும் ஒவ்வொன்றாய் விரல் வைத்துப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'நான் சுகம்' என்றபின் மூன்று புள்ளி. இத்தனை நாளும் மைத்துளி என்றுதான் இருந்தேன், மகளே. அதற்குள் இருப்பதை அடுத்த கடிதத்தில் முழுசாக எழுது, எத்தனை தாள் ஆனாலும் சரி. கம்பளிச் சட்டையை மறக்காதே. கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

உன் மண்டூக அப்பா,
காஸ்பார் பெர்த்தோ