வேண்டாம் என்று போட்டவர்கள்

பிப்ரவரி 3, திங்கள்

வேலை முடிந்ததும் கேண்டீனில் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டார்கள். கம்பிக்கட்டுப் பிரிவில் இருக்கும் நிரந்தர ஆட்கள் எல்லோரும் ஏப்ரலிலிருந்து ஏஜென்சி ஆட்கள். அதே மேசை, அதே கார்களுக்கு அதே மின்கம்பிக்கட்டு, அதே கழிப்பறை. முதலாளி மட்டும் வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம். வேண்டுமென்றால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஐரோப்பா முழுக்க இப்ப இப்படித்தாங்க மாறிக்கிட்டு இருக்கு" என்றாள் பணியாளர் பிரிவுப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். அவள் ஏதோ வானிலை சொல்வது போலச் சொன்னாள், நாங்களும் அப்படியே கேட்டுக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து ஸெனோனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரன் அதே ஆலையின் கிடங்கில் தூக்குவண்டி ஓட்டுகிறான். கிடங்குக்கு ஒன்றும் வரவில்லை. "சூப்பு ஆறுது பாரு" என்றான். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சூப்பைக் குடித்தேன்.

பிப்ரவரி 5, புதன்

சங்கக் கமிட்டி. நாங்கள் ஐந்து பேர். தலைவர் லேஷெக் வேலைநிறுத்த ஓட்டு எடுக்கலாம் என்றான். எல்லோரும் சரி என்றோம்.

சட்டம் இதுதான்: ஆலையின் மொத்த ஆட்களில் பாதிப் பேராவது வந்து ஓட்டுப் போட வேண்டும். 'வேண்டும்' என்று போட்டாலும் சரி, 'வேண்டாம்' என்று போட்டாலும் சரி, வந்தால் போதும். பாதி தேறாவிட்டால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஆக, வேலைநிறுத்தத்தைக் கெடுக்க நினைப்பவன் 'வேண்டாம்' என்று போடக் கூடாது. வராமலே இருக்க வேண்டும்.

"நிர்வாகத்துக்கும் இது தெரியும்" என்றான் லேஷெக். "ஒருத்தனையும் ஓட்டுப் போட வர விடமாட்டானுங்க, பாருங்க."

பிப்ரவரி 9, ஞாயிறு

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் சண்டை. சண்டை என்று கூடச் சொல்ல முடியாது. ஸெனோன் கத்தினான், நான் நடந்தேன்.

"சுரங்கத்துல வேலை பார்த்தப்ப நாங்க கத்தாத கத்தா? கொடி என்ன, முரசு என்ன! கடைசில என்ன ஆச்சு? குழியை மூடிட்டுப் போயிட்டானுங்க. நீங்க வேலையை நிறுத்தினா இவனும் மூட்டையைக் கட்டிட்டு வேற நாட்டுக்குப் போயிருவான். அப்புறம் உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

"அப்ப நான் ஏஜென்சிக்குப் போகட்டுமா?"

"போனா என்ன? வேலைன்னு ஒண்ணு இருக்கும்ல?"

வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது சொன்னான்: "இனிமே சங்கப் பேச்சையும் செருப்போட இங்கேயே கழட்டி வச்சுட்டு உள்ள வா."

சரி, கழற்றி வைத்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

ஒன்றும் இல்லை. முட்டைக்கோஸ் வாங்கினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அடுத்த வாரம் நான்கு நாள் ஓட்டு. ஆலைக்குள் இடம் தரமாட்டார்களாம். லேஷெக் மச்சானுடைய பழைய வேனை வாயிலுக்கு எதிரே நிறுத்தப் போகிறோம்.

பிப்ரவரி 24, திங்கள்

வேனில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வாயிலில் மேஸ்திரி டீ டம்ளரோடு நின்று யார் யார் எங்கள் பக்கம் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அப்படி நின்றாலே போதும் என்று அவருக்குத் தெரியும். கம்பிக்கட்டுப் பெண்கள் வந்தார்கள். மற்றவர்களுக்கு எல்லாம் திடீரென்று பஸ் பிடிக்கிற அவசரம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

உக்ரைன்காரி லாரிஸா பிளாஸ்கில் காபி கொண்டுவந்தாள். என் பக்கத்து மேசை, ஏற்கெனவே ஏஜென்சி ஆள். "எங்களுக்கு ஓட்டு இல்லைன்னீங்க. காபி ஊத்தலாம்ல, அக்கா?" என்றாள். பிறகு மெதுவாக, "ஏஜென்சின்னா எப்படி இருக்கும்னு என்கிட்ட ஒருத்தர்கூடக் கேட்கலையே" என்றாள். எப்படி இருக்கும் என்று கேட்டேன். "உடம்புக்கு முடியலைன்னு சொல்லப் பயமா இருக்கும். அவ்வளவுதான்" என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

தேறாது போலிருக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

கொழுத்த வியாழன். நோன்பு தொடங்கும் முன் ஊரே ஜாம் வைத்துப் பொரித்த மாவு உருண்டை தின்கிற நாள். நிர்வாகம் கேண்டீனில் பெட்டி பெட்டியாக இலவசமாக வைத்தது. எந்த நேரத்தில் என்றால், ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் எங்கள் பக்கம் வரக்கூடிய அதே நேரத்தில்.

பாதியைத் தொட இன்னும் ஒரு டஜன் பேர் வேண்டும். அரை மணி நேரம் ஈ காக்கைகூட வரவில்லை. "முடிஞ்சுது. உருண்டைகிட்ட தோத்துட்டோம்" என்றான் லேஷெக்.

அப்போதுதான் கிடங்குக்காரர்கள் வருவதைப் பார்த்தேன். மொத்தக் கிடங்கும், இருபது பேர் இருப்பார்கள். முன்னால் ஸெனோன். அவன் பின்னால், அவனோடு தூக்குவண்டி ஓட்டும் ப்ரோனெக், கையில் பாதி கடித்த உருண்டையோடு.

"என்னப்பா, சங்கத்துல சேர வந்தீங்களா?" என்றான் லேஷெக்.

"வேண்டாம்னு போட வந்தோம்" என்றான் ஸெனோன். "மேஸ்திரி உள்ளேயே இருங்க, உருண்டை தின்னுங்கன்னாரு. ஒளிஞ்சுக்கிட்டு இருக்க நாங்க என்ன எலியா? வேண்டாம்னா வேண்டாம்னு உங்க மூஞ்சிக்கு நேரா போட்டுட்டுப் போறோம்."

மேசைக்கு அடியில் லேஷெக் என் காலை மிதித்தான். மிதித்திருக்க வேண்டாம்.

ஸெனோன் என்னைப் பார்த்தான். வீட்டில் பார்க்கிற பார்வை இல்லை, ஏதோ அலுவலகத்தில் இருக்கிற பெண்ணைப் பார்ப்பது போல. "நாங்க போடுறதையும் எண்ணுவீங்களா, இல்ல கிழிச்சுப் போட்டுருவீங்களா?"

"எண்ணுவோம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. திரும்பிப் போய்யா, நீ போடாமல் இருந்தால்தான் நீ நினைக்கிறது நடக்கும் என்று சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி என்றால் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவே இல்லை. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார்கள். ப்ரோனெக் ஜேபியிலிருந்து இன்னொரு உருண்டையை எடுத்து என்னிடம் நீட்டினான். "கோவிச்சுக்காதீங்கக்கா. இந்தாங்க."

தின்றேன். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

பாதி தாண்டிவிட்டது. பெட்டியைத் திறந்தோம். கிடங்குச் சீட்டுகள் தவிர ஏறக்குறைய எல்லாமே 'வேண்டும்'. லேஷெக் என்னைக் கட்டிப் பிடித்தான். பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஸெனோன் கேட்டான். "மேஸ்திரி கூப்பிட்டு விட்டாரு. உன்னாலதான்டா இத்தனையும்னாரு. நாங்க வராம இருந்திருந்தா ஓட்டே செல்லாதாமே?"

"ஆமா."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தான். டிவியைப் போடவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால் அவனே எழுந்து எடுத்துக்கொள்கிறான்.

மார்ச் 7, வெள்ளி

நாளை பெண்கள் தினம் என்று வாயிலில் ஆளுக்கொரு டியூலிப் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே கமிட்டிக்குப் போனேன்.

வேலைநிறுத்தம் வேண்டியதில்லை. நிர்வாகம் இறங்கி வந்துவிட்டது. கம்பிக்கட்டுப் பிரிவு நிரந்தரமாகவே இருக்கும், எழுதித் தருகிறார்களாம். எங்காவது மிச்சம் பிடிக்க வேண்டுமே? அதற்குக் கிடங்கை வெளியே ஒரு சரக்குக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆட்களும் அதனோடு போவார்கள்.

"கிடங்குல நம்ம உறுப்பினர் ஒருத்தனாவது இருக்கானா?" என்றான் லேஷெக். "அத்தனை பேரும் வேண்டாம்னு போட்டவனுங்க."

"அவங்க வந்ததாலதானே நமக்குப் பாதி தேறுச்சு" என்றேன்.

"அதுக்காக வரலையே, தனூதா." அவன் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். "எல்லாரையும் காப்பாத்த முடியாது. சம்மதம்னா கை தூக்குங்க."

நான்கு கை. என் கை இல்லாமலே தீர்மானம் நிறைவேறிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பூவை மேசையில் வைத்துவிட்டுத் தூக்கினேன்.

ஏன்? — நியாயம், சங்கம், அதெல்லாம் எழுதலாம். எழுத மாட்டேன். என் மேசை எனக்கு வேணும், அவ்வளவுதான். இந்த வயசுல மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்னால பயப்பட முடியாது.

மார்ச் 8, சனி

யாரோ சொல்லி ஸெனோனுக்குத் தெரிவதற்குள் நானே சொன்னேன். கிடங்கு போகிறது. நானும் கை தூக்கினேன்.

"எந்தக் கை?" என்றான்.

கேலியா என்று தெரியவில்லை. வலது கையைக் காட்டினேன். அதைப் பார்த்தான். பிறகு குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனான். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஸெனோனுக்குப் புதுக் கம்பெனியின் பச்சைச் சட்டை. அதே கிடங்கு, அதே தூக்குவண்டி. ஆலை பஸ் ஆலை ஆட்களுக்கு மட்டும். அவன் எனக்கு முன்னாலேயே எழுந்து நகரப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டான். ஆலை பஸ்ஸில் லாரிஸா என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். ஏஜென்சி ஆட்களும் ஏறலாமா என்று கேட்டேன். "டிரைவர் பார்க்கலை" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

இன்று அவனாகவே பேசினான். ப்ரோனெக்கின் முதுகு பிடித்துக்கொண்டதாம், வீட்டில் இருந்திருக்கிறான். அவன் இல்லாத நாளுக்கு வேறு ஆளைப் போட்டு, 'உனக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா தெரியாது' என்று போனில் சொல்லியிருக்கிறார்கள்.

"பத்துப் பேர் இருந்தா சங்கம் வைக்கலாமாமே?" என்றான்.

"வைக்கலாம்."

"முதல் கூட்டத்துல என்னென்ன செய்யணும்?"

சொன்னேன். தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விதிகளை ஏற்க வேண்டும், எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பாடம் கேட்கிற பையனைப் போலக் கேட்டுக்கொண்டான். அன்று வேனில் நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்க நினைத்தேன். பயந்து கேட்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

எங்கள் சமையலறையில்தான் கூட்டம். வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வீட்டுச் செருப்பு எல்லோருக்கும் பற்றவில்லை. ப்ரோனெக் என் பூப்போட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு அன்னநடை நடந்து காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். நான் படுக்கையறைக்குப் போய்விட்டேன். மெல்லிய சுவர், எல்லாம் கேட்டது.

"தனூதாக்காவைக் கூப்பிட்டுக் கேட்போமே. அவங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி" என்றான் ப்ரோனெக்.

"வேணாம்ப்பா" என்றான் ஒருவன். "அவங்க மேசைக்காக நம்மள வித்தவங்க."

நாற்காலி ஒன்று நகர்ந்தது. ஸெனோன் இப்போது ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். மறுத்துச் சொல்ல வேண்டாம், திட்டினால்கூடப் போதும்.

"அவ வேற சங்கம்" என்றான் ஸெனோன். "நம்ம வேலையைப் பார்ப்போம். வேண்டாம்னு நினைக்கிறவன் வெளிய போய் நிக்கக் கூடாது. இங்கேயே கை தூக்கிச் சொல்லணும்." பிறகு சத்தமாக, "தனூதா, டீ!"

எலுமிச்சை போட்டு, கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, பெரிய தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் கை தூக்கிக்கொண்டிருந்தார்கள். பத்துக் கையும் மேலே. ஸெனோனைத் தலைவராக்குகிறார்கள்.

"அப்படியே நில்லு" என்றான் என்னிடம். "எண்ணிக்கிட்டு இருக்கோம்."

கதவருகே தட்டோடு நின்றேன். வெளியாள் நடுவில் வந்தால் எண்ணிக்கை குழம்பும் அல்லவா, சரிதான். மெதுவாக, ஒரு கையும் விட்டுப் போகாமல் எண்ணினான். எண்ணி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை. இன்றைக்குப் போய் அழுகை வர வேண்டுமா? தட்டைக் கீழே வைக்கவும் இடமில்லை.