சேகர் படத்துக்கு மாலை

ஞாயிறு, ராத்திரி.

என் மகன் சேகரைப் பேத்தி கவிதா படமாக வரைந்தாள். அதைப் பழைய அரண்மனையில் இருக்கிற ஓவியக் காட்சியகத்தில் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் வேறு யார் பேத்திக்கு இது வாய்த்தது? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

படத்துக்கு மல்லிகை மாலை. தமிழர் மரியாதை என்று அங்குள்ள மலாய்ப் பெண் போட்டாளாம்.

"உயிரோட இருக்கிறவன் படத்துக்கா மாலை? கழட்டுங்கடி!"

"அழகாத்தான் இருக்கு லா பாட்டி, கத்தாதீங்க," என்று கவிதா சிரித்தாள். நானே கழற்றினேன்.

லோரியில் ஈப்போ போன சேகர் சாயங்காலமே வந்திருக்க வேண்டும். கவிதா போன் அடித்துக்கொண்டே இருக்கிறாள். இப்போது சிரிப்பில்லை.

மாலையை அங்கேயே எறியாமல் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். வீடெல்லாம் மல்லிகை வாசம்.